போர்டை மாற்றினார்கள், டிஸ்க் திறக்கவில்லை: ஆறு வருட ரெக்கார்டர் அனுபவம்

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் போன வாரம் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே சர்க்யூட் போர்டு புதிது. பழையபடி எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினேன். சுழலும் சத்தம் கேட்டது, விளக்கும் எரிந்தது. அப்புறம் திரையில் ஒரு வரி வந்தது: "இந்த டிஸ்க் வேறு கருவியில் பதிவு செய்யப்பட்டது. ஃபார்மட் செய்யவா?" ஆம் என்றால் ஆறு வருட ரெக்கார்டிங் அழிந்துவிடும். இல்லை என்றால் டிஸ்க் அப்படியே இருக்கும், ஆனால் அதில் ஒன்றையும் பார்க்க முடியாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அதே வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். இந்த மாடலின் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2019 தொடக்கத்தில் வாங்கியது. முதல் நான்கு மாதம் நிம்மதியே இல்லை. 2.5 இன்ச், 1 டிபி டிஸ்க் ஒன்றைப் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் செருகியிருந்தேன். பகலில் நன்றாக ஓடும். இரவு ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு டைமர் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் பட்டியலில் பெயர் இருக்கும், நேரம் 0 நிமிடம் என்று இருக்கும். "சேமிப்புக் கருவி இல்லை" என்று ஒரு குறிப்பும் வரும். கழற்றிச் செருகினால் உடனே சரியாகிவிடும். வாரத்தில் மூன்று நாள் இப்படி.

டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து லேப்டாப்பில் செருகினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. ரெக்கார்டர் தனக்கென்று ஒரு ஃபைல் சிஸ்டத்தில், அதாவது தனக்கே உரிய அடுக்குமுறையில், டிஸ்க்கை ஃபார்மட் செய்துவைக்கும். விண்டோஸுக்கு அது புரியாது, "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிடாதீர்கள். ரத்து செய்துவிட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளை மட்டும் பாருங்கள். என் டிஸ்க்கில் கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர் (டிஸ்க்கின் சிறு பகுதி) 0, சந்தேகத்தில் நிலுவையில் இருக்கும் செக்டர் 0. முழு டிஸ்க்கையும் வாசிக்க வைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் நம்பாமல் இன்னொரு டிஸ்க் வாங்கினேன். அதுவும் இதே கதை. அந்தச் செலவுக்கு அவசியமே இருக்கவில்லை.

காரணம் பிடிபட்டது ஒரு இரவில். ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே ரெக்கார்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டிஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஒன்பது அடித்ததும் டிஸ்க் அசைந்தது. மெல்லிய ரீங்காரம் எழுந்து மேலே ஏறியது, பாதியிலேயே இறங்கியது, ஒரு 'டிக்'. மறுபடி எழுந்தது, மறுபடி 'டிக்'. மூன்றாவது முறைக்குப் பிறகு அடங்கிவிட்டது. திரையில் அதே குறிப்பு. டிஸ்க் எழுந்திருக்கத்தான் பார்க்கிறது, அதற்குத் தெம்பு கிடைக்கவில்லை என்று கை சொன்னது.

யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். சின்ன டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும்போது அது போதும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். லேப்டாப்பில் இருந்தது யூஎஸ்பி 3.0, அது 900 வரை தரும். அதனால்தான் அங்கே டிஸ்க் குறையில்லாமல் ஓடியது. பகலில் யாராவது டிவி பார்த்துக்கொண்டிருந்தால் டைம்ஷிஃப்டுக்காக (நேரலையை நிறுத்திவிட்டு அப்புறம் தொடர்ந்து பார்க்கும் வசதி) டிஸ்க் சுழன்றபடியே இருக்கும், அதனால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. போதாக்குறைக்கு நான் போட்டிருந்தது நீளமான, மெல்லிய கேபிள். அதிலும் கொஞ்சம் வோல்டேஜ் போய்க்கொண்டிருந்தது.

தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்றை நடுவில் வைத்துப் பார்த்தேன், ரெக்கார்டர் அதை ஏற்கவே இல்லை. கடைசியில் 3.5 இன்ச், 2 டிபி, தனக்கென 12 வோல்ட் அடாப்டர் உள்ள டிஸ்க்குக்கு மாறினேன். தெம்புப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. ஆனால் இந்த டிஸ்க் சும்மா இருந்தால் தானாகத் தூங்கிவிடும். எழுந்து வேகம் பிடிக்கப் பத்து விநாடி ஆகும், அதற்குள் ரெக்கார்டர் கைவிட்டுவிடும். டிஸ்க் தயாரிப்பாளரின் மென்பொருளில் அந்தத் தூக்க நேரத்தை நிறுத்திய பிறகுதான் வீடு அமைதியானது. இன்னொன்று, மின்சாரம் போய் வந்தால் ரெக்கார்டர் முந்திக்கொண்டு எழுந்து, டிஸ்க் இல்லை என்று முடிவு கட்டிவிடும். அப்போது டிஸ்க்கை முதலில் ஆன் செய்து, கொஞ்சம் பொறுத்து ரெக்கார்டரை ஆன் செய்ய வேண்டும்.

அப்புறம் ஆறு வருடம் ஒரு குறை சொல்ல முடியாது. ஒளிபரப்பில் வரும் டிஜிட்டல் ஸ்ட்ரீமை மறுபடி சுருக்காமல் அப்படியே எழுதிவைக்கிறது. நேரலையில் பார்த்த அதே தெளிவு, ஒரு புள்ளி குறையாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை மனதாரப் பாராட்டுவேன்.

புது டிஸ்க்கில் பதிந்த முதல் பெரிய ரெக்கார்டிங் 2019 ஜூலை 14 விம்பிள்டன் இறுதி ஆட்டம், ஃபெடரரும் ஜோகோவிச்சும். ஆட்டம் நீளும் என்று தோன்றியதால் முடியும் நேரத்தை மூன்று மணி நேரம் தள்ளி வைத்திருந்தேன். நல்லவேளை, 4 மணி 57 நிமிடம் ஓடியது. கிட்டத்தட்ட 18 ஜிபி. அப்பா ஃபெடரர் பக்கம். அந்த ரெக்கார்டிங்கை எத்தனை முறை போட்டிருப்பார் என்று கணக்கில்லை. ஐந்தாவது செட்டில் 8-7, ஃபெடரர் சர்வீஸ், 40-15. இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை. அந்த இடம் வந்ததும் பாஸ் அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்கு மேல் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போது அதுவும் போய்விட்டது. சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்தேன். "ரெக்கார்டிங் எல்லாம் பூட்டித்தான் எழுதும் சார். சாவி பழைய போர்டில இருந்தது. போர்டு போச்சுன்னா சாவியும் போச்சு," என்றார். உரிமை உள்ள நிகழ்ச்சியை யாரும் நகல் எடுத்து விற்றுவிடக் கூடாது என்பதற்காகப் பல ரெக்கார்டர்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. போர்டை மாற்றும் முன் "உங்கள் ரெக்கார்டிங் திறக்காது, சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்காததுதான் புரியவில்லை. கையேட்டை நேற்று முழுக்கப் புரட்டினேன். ஃபார்மட் செய்வது எப்படி என்று இரண்டு பக்கம் இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலையை மூன்றே நாளில் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால், ரெக்கார்டர் தடுமாறத் தொடங்கிய நாட்களில் அந்த 40-15 வரையாவது அப்பாவுடன் உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்திருப்பேன்.

நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். படம் அருமை, டைமர் தவறாது, டிஸ்க் விஷயமும் மேலே சொன்னபடி செய்தால் தொல்லை தராது. இருந்தாலும் வாங்காதீர்கள். பார்த்ததும் அழித்துவிடும் பழக்கம் இருந்தால் வேறு விஷயம். வைத்துப் போற்ற வேண்டியது எதையும் இதை நம்பி ஒப்படைக்க என்னால் சொல்ல முடியாது.

நான் 'இல்லை' என்றே அழுத்தினேன். வேறு டிஸ்க் செருகியிருக்கிறேன், இரவு ஒன்பது மணிக்கு டைமரும் வைத்தாயிற்று. பழைய 2 டிபி டிஸ்க் அலமாரியில், அடாப்டரோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறது. அப்பா இன்னும் கேட்கவில்லை.