லைவ் டிரான்ஸ்கிரைப்: தமிழ்ப் பேச்சுக்கு எவ்வளவு தேறும்?

வயதால் காது மந்தமானவர்கள் பெரும்பாலும் சொல்வது, "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பதுதான். முதலில் போவது மேல்சுருதி. உயிரொலிகளின் பலம் கீழ்ச்சுருதியில் இருப்பதால் அவை காதில் விழும். க, ச, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் கூர்மை மேலே இருப்பதால் நழுவிவிடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். கத்திப் பேசினால் உயிரொலிதான் பெருகும், நழுவியது நழுவியதுதான். கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு கூச்சலும், தன்னைத் திட்டுகிறார்கள் என்ற எண்ணமும்.

அந்த ஓட்டையைக் கண்ணால் அடைக்கப் பார்க்கிறது கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப். எதிரே இருப்பவர் பேசப் பேசப் போன் திரையில் எழுத்து ஓடும். காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். இலவசம். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான், ஐபோனுக்கு இல்லை.

பிளே ஸ்டோரில் இறக்கியதும் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குப் போய் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்துவிடுங்கள். இரண்டு வால்யூம் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் திறப்பதுபோல வைப்பது பெரியவர்களுக்குச் சுலபம். முதல் மொழி தமிழ், இரண்டாவது ஆங்கிலம் (இந்தியா). தமிழிலேயே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என வகைகள் உண்டு. பேசுகிறவர் எந்த ஊரோ அதைப் போடுங்கள். பின்னணியைக் கறுப்பாக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு சிக்கல் வரும்: தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும், படிப்பதற்குள் மேலே ஓடிவிடும். போனைப் படுக்கைவாட்டில் வைத்தால் பாதி தீரும். வீட்டில் பழைய டேப்லெட் கிடந்தால் அதில் போட்டுக் கொடுங்கள்.

எழுத்துச் சுத்தம் போனின் விலையைவிட மைக் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. பெரும்பாலான போன்களில் முக்கிய மைக் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பு பேசுகிறவர் பக்கம் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் படிப்பவர் போனைத் தன் நெஞ்சருகே பிடித்துக்கொள்வார், பேசுகிறவர் ஆறடி தள்ளி அடுப்படியில் நிற்பார். பிறகு 'ஆப் சரியில்லை' என்பார்கள். மேசை மேல் வைத்து, பேசுகிறவர் இரண்டடிக்குள் உட்கார்ந்தால் முடிவே வேறு. திரை ஓரத்தில் இருக்கும் வட்டம் அறைச் சத்தத்தையும் பேச்சுச் சத்தத்தையும் சேர்த்துக் காட்டும். பேசும்போது வட்டம் கொஞ்சமும் விரியவில்லை என்றால் மின்விசிறியையோ டிவியையோ குறையுங்கள். காலர் மைக்கைச் செருகியும் பயன்படுத்தலாம். இதில் செய்கிற செலவு வீண்போகாது.

தமிழைப் பொறுத்தவரை நிதானமான பேச்சு நன்றாகவே வருகிறது. 'போயிட்டு வந்துர்றேன்' போன்ற பேச்சு வடிவங்களையும் ஓரளவு பிடிக்கிறது. தடுமாறுவது ஊர்ப்பெயர், ஆட்பெயர், மருந்துப் பெயர், நடுவில் வரும் ஆங்கிலம் ஆகியவற்றில். ஒரே நேரத்தில் ஒரு மொழியைத்தான் கவனிக்கும். முழு வாக்கியமே ஆங்கிலம் என்றால் கீழே உள்ள பொத்தானால் மொழியை மாற்ற வேண்டும். வீட்டார் பெயர்களைத் தனிச்சொல் பட்டியலில் ஒருமுறை சேர்த்து வைப்பது நல்லது.

உண்மையான ஆபத்து வாக்கிய முடிவில் இருக்கிறது. தமிழில் 'இல்லை', 'வேண்டாம்', 'கூடாது' எல்லாம் கடைசியில்தான் வரும். பேச்சில் குரல் இறங்குவதும் அங்கேதான். "ராத்திரி மாத்திரை போட வேணாம்" என்பதில் கடைசிச் சொல் 'வேணும்' என்று விழுந்தால் பொருள் தலைகீழ். அதோடு, ஓடும் வரி நிலையானதும் அல்ல. அடுத்த சொற்களைக் கேட்டபின் முன்னால் எழுதியதைத் தானே திருத்திக்கொள்ளும். வரி நின்றபின் படிக்கப் பழக்குங்கள். பேசுகிறவர் கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்லி, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு மூச்சு விட வேண்டும். அசை அசையாகப் பிய்த்துப் பேசுவது உதவாது. சொற்களைச் சேர்த்துக் கேட்டுத்தான் இது ஊகிக்கிறது. மருந்தளவு, தேதி, ரூபாய்க் கணக்கு இவற்றை மட்டும் இதை நம்பி விடாதீர்கள். காகிதத்தில் எழுதுங்கள், அல்லது ஆப்பிலேயே தட்டச்சுப் பலகை இருக்கிறது, தட்டிக் காட்டுங்கள். பேச்சே வராதவர்கள் பதில் சொல்லவும் அந்தப் பலகை உதவும்.

கல்யாண வீட்டில் தேறாது. நாலு பேர் ஒன்றாகப் பேசினால் யார் சொன்னது என்று பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதும், நாதஸ்வரம் தொடங்கினால் அதுவும் போச்சு. போனில் வரும் அழைப்புக்கும் அதே போனில் ஓடாது. பேச்சை வேறொரு போனில் ஸ்பீக்கரில் போட்டு இதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். நெட் சுணங்கினால் எழுத்தும் சுணங்கும். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைப் பக்கம் சிக்னல் கிடைக்காது என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத நல்ல வசதிகள் இரண்டு. பெயரைப் பதிந்து வைத்தால் அருகில் யாராவது கூப்பிடும்போது போன் அதிரும். வரிசையில் காத்திருப்பவருக்கு இது பெரிய உபகாரம். இன்னொன்று, வரலாற்றை இயக்கினால் உரையாடலை 3 நாள் வரை போனிலேயே வைத்திருக்கும். டாக்டர் சொன்னதை வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து படிக்கலாம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு இயக்குவது மரியாதை.

காது கருவிக்கு இது மாற்று இல்லை, கூட வைத்துக்கொள்ளத்தான். தமிழ் வேகமாகப் படிப்பவருக்கு, ஒருவரோடு ஒருவர் பேசும் அமைதியான அறையில், தயங்காமல் போட்டுக் கொடுக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் கண்புரை முற்றியவருக்கும் இது எரிச்சலைத்தான் தரும். அவர்களுக்கு முகத்துக்கு நேரே, வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, நல்ல காதின் பக்கம் மெதுவாகப் பேசுவதே மேல். சொன்னது புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மறுபடி சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்.