எட்டுக் குமிழ்களும் ஒரு மியூட் பொத்தானும்: மேக்கி 1202விஎல்இசட்4 மிக்ஸருடன் இரண்டு ஆண்டுகள்

இரண்டு ஆண்டுகளாக என் மேசையின் நடுவில் மேக்கி 1202விஎல்இசட்4 இருக்கிறது, பல கருவிகளின் ஒலியைக் கலந்து ஒன்றாக்கும் மிக்ஸர். அதற்கு முன் வேறொரு மிக்ஸரை வாங்கி மூன்றே மாதத்தில் கைமாற்றிவிட்டேன். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் மின்னிசை செய்கிறவர்கள் பலர் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

முதல் முறை, பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த சேனல் (ஒலி நுழையும் வரிசை) எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். என்னிடம் இருந்தவை மூன்று கருவிகள்: ஒரு மினிலாக் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்குவது), ஒரு டிஜிடாக்ட் சாம்ப்ளர் (பதிந்த ஒலித் துணுக்குகளை வாசிப்பது), ஒரு டிஆர்-8எஸ் டிரம் மெஷின். மூன்று கருவிகளுக்குப் பத்துச் சேனல் தாராளம் என்று நினைத்தேன். கேபிள்களைச் செருகத் தொடங்கியதும் கணக்கு மாறியது. மினிலாக்குக்கு ஒரே ஒரு மோனோ (ஒற்றைத் தட) அவுட்புட். டிஜிடாக்டுக்கு ஸ்டீரியோவாக இடம், வலம் என இரண்டு. டிஆர்-8எஸ்ஸில் பொது அவுட்புட் இரண்டு போக, ஒலிகளைப் பிரித்து எடுக்க இன்னும் ஆறு. கிக் என்ற கால் டிரம்மைத் தனிச் சேனலில் எடுத்தால்தான் மற்ற தாள ஒலிகளுக்கு ரிவெர்ப் என்ற முழக்கம் கொடுக்கும்போது அடித்தளம் குழம்பாமல் இருக்கும். எதிரொலி தரும் டிலே பெடலிலிருந்தும் ரிவெர்ப் பெடலிலிருந்தும் ஒலி திரும்பி வர வழி வேண்டும். அந்த மிக்ஸரில் இருந்ததோ ஒரே ஒரு ஆக்ஸ் சென்ட், அதாவது ஒலியின் ஒரு பங்கைப் பெடலுக்கு அனுப்பும் வழி. அதுவும் உள்ளே இருந்த எஃபெக்டுக்கே போய்விட்டது. ஒலியை நிறுத்தும் மியூட் பொத்தான் எந்தச் சேனலிலும் இல்லை. பத்து என்று எழுதியிருந்ததில் பாதி, மைக் வைத்துப் பாடுகிறவர்களுக்கானது.

ஆகவே இரண்டாம் முறை தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். ஸ்டீரியோ எத்தனை, மோனோ எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பெடலுக்கு ஒலி அனுப்ப வேண்டும், எவற்றைச் சட்டென்று நிறுத்தவும் திறக்கவும் வேண்டும். இந்த நான்கு கேள்விகளும் தேர்வைத் தாமாகவே சுருக்கிவிட்டன.

1202 என்ற பெயரில் இருக்கும் பன்னிரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு மோனோ சேனல்கள், நான்கு ஸ்டீரியோ சேனல்கள். ஸ்டீரியோவை இரண்டிரண்டாக எண்ணித்தான் பன்னிரண்டு வருகிறது. கைக்கு எட்டும் வரிசைகள் எட்டு. எனக்கு அது சரியாகப் பொருந்தியது. கிக், மினிலாக் இரண்டும் மோனோவில். டிஆர்-8எஸ்ஸின் மீதித் தாளம், டிஜிடாக்ட், டிலே பெடல் மூன்றும் ஸ்டீரியோவில். ரிவெர்ப் மட்டும், பெடல் ஒலி திரும்புவதற்கென்றே உள்ள ஆக்ஸ் ரிட்டர்ன் வழியாக வருகிறது. இரண்டு மோனோவும் ஒரு ஸ்டீரியோவும் விருந்தாளிகளுக்காகக் காலியாக இருக்கின்றன.

உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழ் முதல் நான்கு சேனல்களில் மட்டும்தான். எந்தக் கருவியை எங்கே செருகுவது என்பதை இதுவே தீர்மானிக்கும். ஸ்டுடியோ கருவிகளின் +4 டிபியு அளவு ஏறத்தாழ 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் −10 டிபிவி அளவு 0.316 வோல்ட். இடையில் கிட்டத்தட்ட 12 டெசிபெல் வித்தியாசம். மெலிந்த ஒலி தரும் பழைய சிந்தசைசரையோ சிறிய பேட்டரிக் கருவியையோ ஸ்டீரியோ சேனலில் போட்டால் லெவல் (ஒலி அளவு) குமிழை முழுக்கத் திருப்பியும் போதாமல் திண்டாட நேரும். மெலிந்தவற்றை முதல் நான்கிலும் உரத்தவற்றை ஸ்டீரியோவிலும் வையுங்கள்.

இனி, நான் இந்த மிக்ஸரை நேசிப்பதற்கான காரணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சேனலிலும் இருக்கும் மியூட் பொத்தானின் பக்கத்தில் ஆல்ட் 3-4 என்று எழுதியிருக்கும். அதை அழுத்தினால் ஒலி, எல்லாம் கலந்து வெளியேறும் மெயின் மிக்ஸிலிருந்து விலகும், ஆனால் செத்துப்போகாது. ஆல்ட் 3-4 என்ற இன்னொரு ஸ்டீரியோ பாதைக்குத் திரும்பிவிடும். அந்தப் பாதைக்குத் தனி அவுட்புட் உண்டு. ஹெட்போனில் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் பொத்தான்களிலும் ஆல்ட் 3-4 உண்டு.

இரவில் வீட்டார் தூங்கிய பிறகுதான் நான் வாசிக்க உட்காருவேன், ஹெட்போனோடு. மெயின் மிக்ஸ், ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். மினிலாக்கை மியூட் செய்து, ஹெட்போனில் ஆல்ட் 3-4ஐயும் சேர்த்துக்கொள்வேன். பதிவில் தாளம் மட்டும் ஓட, என் காதில் மட்டும் புதிய பாஸ் (கீழ்ச் சுருதி) வரி உருவாகும். ஒலியை வடிகட்டும் ஃபில்டரைத் திறந்து, சுருதி சரிபார்த்து, வரி பிடிபட்டதும் மியூட்டை விடுவிப்பேன். தாளத்தின் முதல் அடியில் பாஸ் முழுசாக வந்து இறங்கும். டிஜே ஒருவர் அடுத்த இசைத்தட்டைக் காதில் மட்டும் கேட்டுத் தயார் செய்வதைப் போன்றது இது. இதை ஒரு முறை செய்து பார்த்தவர் மியூட் பொத்தான் இல்லாத மிக்ஸருக்குத் திரும்பமாட்டார்.

நான்கு இன்புட் இன்டர்ஃபேஸ் இருந்தால் மெயினை 1-2லும் ஆல்ட்டை 3-4லும் செருகி, கிக்கையும் பாஸையும் தனியாக, மற்றவற்றை வேறாகப் பதியலாம். ஆனால் அப்படிச் செய்யும்போது மியூட் என்ற வசதி கையைவிட்டுப் போகும். அழுத்தினால் அடங்காமல் இன்னொரு தடத்தில் பதிவாகும். அதனால் நான் பதிவுக்கு ஆல்ட்டைப் பயன்படுத்துவதில்லை.

ஆக்ஸ் சென்ட் இரண்டு. முதலாவதை லெவல் குமிழுக்கு முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ எடுக்கலாம். இரண்டாவது எப்போதும் பின்னாலிருந்து. முதலாவதில் ரிவெர்ப், இரண்டாவதில் டிலே. 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப்பொறியாளர் கிங் டபி மிக்ஸர் முன் அமர்ந்து, பதிவான பாட்டின் குரலையும் கிட்டாரையும் பிடுங்கி, எதிரொலிக்குள் தள்ளி, திரும்ப இழுத்து டப் இசையை வளர்த்தெடுத்தார். மிக்ஸரையே வாத்தியமாக வாசித்தவர் அவர். அந்த விளையாட்டுக்குத் தேவையானது ஒவ்வொரு சேனலிலும் விரல் உடனே தொடக்கூடிய ஒரு சென்ட் குமிழ். ஸ்னேர் டிரம்மின் ஒரே ஒரு அடியை மட்டும் டிலேக்கு அனுப்பிவிட்டுக் குமிழை மூடுவது அரை நொடி வேலை. திரையில் மெனுவைத் தேடி அதைச் செய்ய முடியாது. டிஜிட்டல் மிக்ஸர்களை நான் ஒதுக்கியதற்கு இதுவே காரணம்.

டிலே பெடலிலிருந்து திரும்பும் கேபிளை ஆக்ஸ் ரிட்டர்னில் செருகாமல் ஒரு ஸ்டீரியோ சேனலில் செருகியிருப்பதற்கும் காரணம் உண்டு. எதிரொலிக்கும் ஈக்யூ (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) கிடைக்கிறது. 80 ஹெர்ட்ஸ் குமிழைக் குறைத்தால் எதிரொலி அடித்தளத்தோடு மோதாது. அந்தச் சேனலின் ஆக்ஸ் 2ஐ இம்மியளவு திறந்தால் டிலே தன்னைத்தானே ஊட்டி வளர்ந்து பொங்கும். பொங்கத் தொடங்கும்போது கை அந்தக் குமிழிலேயே இருக்க வேண்டும். ஹெட்போனில் இதைப் பழகுகிறவர்கள் முதலில் ஹெட்போன் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். காது ஒருமுறை கெட்டால் திரும்ப வராது.

ஈக்யூவைப் பற்றி இன்னும் ஒரு சொல். 80 ஹெர்ட்ஸ், 2.5 கிலோஹெர்ட்ஸ், 12 கிலோஹெர்ட்ஸ் என மூன்றும் நிலையானவை. நடு அலைவரிசையை நகர்த்த முடியாது. சிந்தசைசர் ஒலிகள் மோதிக்கொள்ளும் 300, 400 ஹெர்ட்ஸ் பகுதியில் இதனால் ஒன்றும் செய்ய இயலாது. நான் அதைச் சிந்தசைசரின் ஃபில்டரிலேயே பார்த்துக்கொள்கிறேன். அந்த வழி இல்லாத சாம்ப்ளர்களை மட்டும் வைத்திருப்பவர்கள், நடு அலைவரிசை நகரும் மிக்ஸரைத் தேடுவது நல்லது.

மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர் கிடையாது. எல்லாம் வட்டக் குமிழ்கள். நான்கு சேனல்களை ஒரே நேரத்தில் விரல்களால் மெல்ல ஏற்றி இறக்க விரும்புகிறவருக்கு இது பெரிய குறை. எனக்கும் சில இரவுகளில் அந்த ஏக்கம் வரும். ஆனால் ஃபேடர் இல்லாததால்தான் இவ்வளவு சிறிய மேசையில் இது அடங்கியது.

யுஎஸ்பியும் இல்லை. ஒவ்வொரு கருவியையும் தனித்தடமாகக் கணினியில் பதிந்து, பிறகு வாரக்கணக்கில் திருத்துகிறவர் இதை வாங்க வேண்டாம். அவருக்கு சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே ஏற்றது. 14 தடங்களைக் கணினிக்கு அனுப்பி 12 தடங்களைத் திரும்பப் பெறும். கணினியே வேண்டாம் என்பவருக்கு டாஸ்கம் மாடல் 12. எஸ்டி கார்டிலேயே 12 தடம் பதியும். யுஎஸ்பி உள்ள மிக்ஸர் என்று கடையில் சொன்னால், எத்தனை தடம் என்று உடனே கேளுங்கள். பலவற்றில் மொத்த மிக்ஸும் இரண்டே தடமாகத்தான் போகும்.

இரைச்சலைப் பொறுத்தவரை ஒரு வாரம் மிக்ஸரைத் தவறாகச் சந்தேகித்தேன். கணினியோடு யுஎஸ்பியால் இணைத்த கருவியின் ஒலி மிக்ஸருக்கும் வரும்போது பூமி இணைப்பு வளையமாகி, கிரீச்சென்ற ஒலியும் முனகலும் சேர்ந்துகொண்டன. அந்த ஒரு ஆடியோ கேபிளில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றைப் போட்டதும் அடங்கியது. எல்லா மின்செருகிகளையும் ஒரே பலகைக்கு மாற்றியதும் மிச்சம் இருந்ததும் போனது.

கடைக்குப் போய்ப் பார்க்க முடிந்தால் உங்கள் டிலே பெடலையும் இரண்டு கேபிளையும் கொண்டுபோங்கள். மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பைப் பற்றி விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, சென்ட் குமிழ்கள் உங்கள் விரலுக்கு இடையில் இடிக்காமல் திரும்புகின்றனவா, மியூட்டை அழுத்தினால் எதிரொலியின் வால் தொடர்ந்து ஒலிக்கிறதா அறுகிறதா என்று பாருங்கள். எனக்கு வால் அறாமல் ஒலித்தது, அன்றே வாங்கினேன்.