பாஸ்டர் மாறுற நேரத்துக்கு இடைக்கால ஊழியர் சேவை, எடுக்கலாமா?

ரொம்ப வருஷமா இருந்த பாஸ்டர் ரிட்டயர் ஆனதும், புது ஆள் வர்ற வரைக்கும் சபைய நடத்த ஒரு இடைக்கால பாஸ்டரையும் புது பாஸ்டரத் தேடுற கமிட்டிக்கு வழிகாட்ட ஒருத்தரையும் அனுப்புற சேவைய எடுத்தோம். குறையும் சொல்லப்போறதால பேர் வேண்டாம். மெத்தடிஸ்ட் மாதிரி பிஷப்பே ஆள நியமிக்கிற சபைகளுக்கு இது பெருசா தேவைப்படாது, பாப்டிஸ்ட் மாதிரி சபையே தேடி அழைக்கிற இடங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ.

வந்த இடைக்கால பாஸ்டர் முதல் வாரமே "நிரந்தர பாஸ்டர் போஸ்ட்டுக்கு நான் வரமாட்டேன்"னு எழுதிக் குடுத்துட்டார். அது இல்லன்னா ஒவ்வொரு பிரசங்கமும் இன்டர்வியூ மாதிரி ஆயிரும், ஆளுக்கொரு கோஷ்டியும் சேந்துரும். பொதுவா இந்த நேரத்துல எல்லாரும் "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்" வசனத்ததான் எடுப்பாங்க, இவர் எண்ணாகமம் 27ஐ எடுத்தார், மோசே உயிரோட இருக்கும்போதே தனக்கு அப்புறம் ஒரு ஆள வேணும்னு கேட்டு சபை முன்னாடியே யோசுவா மேல கை வைக்கிற இடம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது பழைய பாஸ்டர் விஷயத்த அவர் கையாண்ட விதம். ஒரு துக்க வீட்டுக்காரங்க நேரா பழைய ஐயாவுக்கே போன் போட்டு அடக்க ஆராதனைய நீங்கதான் நடத்தணும்னுட்டாங்க, அவரும் கிளம்ப ரெடி. இவர் அந்த வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் உக்காந்து பேசி, ஆராதனைய நான் நடத்துறேன் ஐயா வந்து ஒரு ஜெபம் பண்ணட்டும்னு முடிச்சார், யாருக்கும் மனவருத்தம் இல்ல. இத ஒரு கமிட்டி மெம்பர் போய் சொல்லியிருந்தா சண்டைதான்.

அமெரிக்காவுல 1974ல ஆரம்பிச்சு சபைகளுக்கு ஆலோசனை குடுத்த ஆல்பன் இன்ஸ்டிட்யூட்ல இருந்து வளர்ந்த முறைதான் இவங்களோடது, அதுல முதல் வேலையே சபையோட பழைய கதைய எல்லாரும் பேசித் தீக்குறது. சுவத்துல நீளமா பேப்பர் ஒட்டி அவங்கவங்க வந்த வருஷம், நடந்தது எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்க. சபை பிரிஞ்ச வருஷத்த மட்டும் ஒருத்தரும் தொடல, கடைசில ஒரு வயசான அக்கா எந்திரிச்சு "பாதிப் பேர் போயிட்டாங்க"ன்னு எழுதிட்டு உக்காந்தாங்க. அதுக்கப்புறம்தான் கூட்டமே ஆரம்பிச்சுது.

இப்ப குறை. சர்வே பாரம் பக்கம் பக்கமா இருந்துச்சு, வயசானவங்க பாதியில வச்சுட்டாங்க. வர்ற புது பாஸ்டர் குடும்பத்தப் பத்தி, பாஸ்டரம்மா வேலை, பிள்ளைங்க படிப்பு பத்தியெல்லாம் ஒரு கேள்வி கூட கிடையாது, நாங்களா கேட்டோம். ரெஃபரன்ஸும் அவரே குடுத்த நம்பருக்கு மட்டும்தான் அடிச்சாங்க, அவர் முன்னாடி இருந்த சபை மூப்பர்கள நாங்கதான் தேடிப்பிடிச்சுப் பேசினோம். இதெல்லாத்தையும் விட, புது பாஸ்டர பொறுப்புல வைக்கிற பிரதிஷ்டை ஆராதனை முடிஞ்ச அன்னிக்கே அவங்க வேலை முடிஞ்சிருச்சு. உண்மையில பழைய ஐயா இப்படிச் செய்யமாட்டாரேங்குற முணுமுணுப்பு அதுக்கப்புறம்தான் கிளம்புது, அப்ப யார்கிட்ட போறது?

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். எடுக்கிறதா இருந்தா, புது பாஸ்டர் வந்து முதல் வருஷம் வரைக்கும் வழிகாட்டுறவர் அப்பப்ப வந்து உக்காரணும்னு அக்ரிமென்ட்லயே போட்டுக்கோங்க.