புறவாசலில் குட்டி வீடு: பிளாஸ்டிக்கா, இரும்பா, மரமா?

திருநெல்வேலியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் இப்போது நிற்பது இரண்டாவது விளையாட்டு வீடு. முதலாவதைக் கரையான் தின்றுவிட்டது. நான்கு சவுக்குக் கம்பை நேராக மண்ணில் ஊன்றி, பிளைவுட் அடித்து, மஞ்சள் பெயின்டும் பூசி மகளிடம் கொடுத்தோம். எட்டாவது மாதம் தம்பி மகன் சாய்ந்து நின்றபோது ஒரு கால் ஒடிந்தது. பையன் சிராய்ப்போடு தப்பித்தான். ஒடிந்த கம்புக்குள் மரத்தைவிட மண்தான் அதிகம் இருந்தது.

அப்புறம்தான் மற்ற வழிகளை ஒழுங்காக யோசித்தேன்.

கீற்றுக் கூரை குளிர்ச்சிதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்த பிறகு, அதன் கீழே குழந்தைகளை விளையாட விட எனக்கு மனம் வரவில்லை.

பிளாஸ்டிக் வீடு அக்கா வீட்டில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள். கரையான் பயம் இல்லை, பிள்ளைகள் வளர்ந்ததும் விற்கலாம். மொட்டை மாடி வெயிலில் இரண்டு கோடையில் நிறம் வெளுத்து, ஜன்னல் ஓரம் விண்டுவிட்டது. நிழலில் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் இரும்புச் சட்டம் செய்து, தகரம் அடித்திருக்கிறார். அசையாது. ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில், துரு பிடிக்காமல் இருக்கக் குழாய் மேல் போட்ட ஜிஐ (துத்தநாக) பூச்சு எரிந்துவிடுவதால் துரு அங்கேதான் தொடங்குகிறது. வருடா வருடம் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்கிறார். அதுகூடப் பரவாயில்லை, பள்ளிக்கு லீவு விடுகிற சித்திரை வைகாசியில்தான் தகரச் சூட்டில் உள்ளே காலே வைக்க முடியாது.

சரி, மரம்தான் என்று முடிவு செய்தேன். தப்பு மரத்தில் இல்லை, அதை மண்ணில் ஊன்றியதில்தான். நம் பக்கத்து வீடுகளை அரிக்கும் கரையான் மண்ணிலிருந்துதான் வரும். அதற்கு ஈரமும் இருட்டும் வேண்டும். திறந்த வெளியில் ஏறாது, மண்ணால் குழாய் போல ஒரு வழி கட்டிக்கொண்டு அதற்குள்ளேதான் ஏறும். மரம் மண்ணில் புதைந்திருந்தால் அந்தக் குழாயே தேவையில்லை, நமக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால் வேலிக்கு நடுகிற கருங்கல் கால்கள் ஆறை ஊன்றி, அவற்றின் மேல் மரச்சட்டத்தை போல்ட் போட்டு உட்கார வைத்தோம். "அரை அடி உயரம் போதும் அண்ணாச்சி" என்றார் கொத்தனார். நான் ஒன்றரை அடி கேட்டேன். அரை அடி என்றால் அடியில் பாம்பு ஒதுங்கும், குனிந்து பார்க்கவும் முடியாது. ஒன்றரை அடியில் துடைப்பம் உள்ளே போகிறது. வாரம் ஒரு முறை சுற்றி வந்து, கல்லில் மண்கோடு தெரிந்தால் தட்டிவிடுகிறேன். பராமரிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். படியும் கல்தான், வீட்டைத் தொடாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டிருக்கிறது. மரப்படி வைத்திருந்தால் கரையானுக்கு நானே ஏணி வைத்த மாதிரி.

மண்ணுக்கு மருந்து அடிக்கலாம், காலுக்குக் கழிவு ஆயில் பூசலாம் என்று யோசனைகள் வந்தன. மண்ணில் அளைந்த கையை வாயில் வைக்கிற பிள்ளைகள் இருக்கும் இடம், வேண்டாம் என்றுவிட்டேன்.

சட்டத்துக்கும் கூரைக்கும் பழைய ஓட்டு வீடு பிரித்த பனங்கைமரம். வைரம் பாய்ந்த பனை, ஆணி வளைந்ததே தவிர இறங்கவில்லை. சிராய் கையில் குத்தும் என்பதால் பிள்ளைகள் கை படாத இடங்களில் மட்டும் அதைப் போட்டு, சுவருக்கு இழைத்த வேப்பம்பலகை அடித்தோம். மேலே தகரம்தான், ஆனால் வேப்பமர நிழல். தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள், காய் விழும். அளவு ஆறுக்கு ஐந்து அடி, உள்ளே ஐந்தடி உயரம், பெரியவர்கள் குனிந்து போய்ப் பெருக்கலாம். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஜன்னல் அடுப்படியைப் பார்த்து.

தச்சர் கூலியோடு 24,000 ரூபாய் ஆயிற்று, அக்காவின் பிளாஸ்டிக் வீட்டுக்கு 14,000தான். நான் பார்த்ததும் மூன்று ஐப்பசி மழைதான், பத்து வருடம் நிற்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன வருடம் மகள் சாய்த்து வைத்த தென்னை மட்டை வழியாகக் கரையான் ஒரு பலகைக்கு ஏறிவிட்டது, கவனிக்கப் பத்து நாள் ஆயிற்று. பலகையை மாற்றினோம்.

விற்றால் ஒன்றும் தேறாது. மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது, அம்மா இப்போதே அதைக் கோழி அடைக்கக் கேட்டு வைத்திருக்கிறார்.