டைரக்ட் டிரைவ் டிரெய்னர்: மூன்று மாதம் மிதித்த பிறகு

வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் கருவிதான் டிரெய்னர். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அப்படியே மாட்டும் வகை இது. முன்பு இருந்தது டயரை உருளையில் அழுத்தி ஓட்டுவது, டயர் தேய்ந்து கருப்புத் தூள் தரையெல்லாம் கொட்டும், பக்கத்து அறையில் ஒருவரும் தூங்க முடியாது. இதில் செயின் ஓடும் சத்தம் மட்டும்தான். ஆனால் கேசட், அதாவது செயின் ஓடும் பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, தனியாக வாங்க வேண்டும் என்று விற்றவர் வாயே திறக்கவில்லை. என் சைக்கிள் 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்), அதற்குப் பொருந்தும் கேசட் வரும்வரை ஒரு வாரம் மூலையில் சும்மா கிடந்தது. திரையில் கற்பனைச் சாலைகளில் ஓட்டவைக்கும் ஸ்விஃப்ட் (Zwift) செயலியோடு புளூடூத்தில் உடனே சேர்ந்துகொண்டது, திரையில் மேடு வந்தால் மிதி தானாகக் கனக்கிறது.

சரி, டிரெய்னரைவிட முக்கியம் காற்று. வெளியே எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விக்கும், அறைக்குள் அது ஏது? சீலிங் ஃபேன் போதும் என்று நினைத்து முதல் நாள் 20 நிமிடத்தில் இறங்கிவிட்டேன். மார்புக்கு நேராக பெடஸ்டல் ஃபேன் வைத்த பிறகுதான் ஒரு மணி நேரம் தாங்குகிறது. அப்புறம் வியர்வை: ஹேண்டில்பாரில் துண்டு போடாமல் ஓட்டியதில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட் தலையெல்லாம் செந்துரு. அடியில் ரப்பர் பாய் கட்டாயம், அதிர்வு கீழ்வீடுவரை போகும்.