ஸ்க்ரூவா, பட்டனா? முட்டி ஜவ்வு ஆபரேஷனில் எது பிடித்து நிற்கும்

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது. கபடியில் ரெய்டு போய்த் திரும்பும்போது கால் மண்ணில் ஊன்றியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் ஜவ்வு அறுந்துபோனது. மதுரையில் இரண்டு டாக்டர்களைப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்க்ரூ என்றார், இன்னொருவர் பட்டன் என்றார். நான் ஆபரேஷன் செய்கிறவன் இல்லை. அது முடிந்த பிறகு முட்டியை மடக்கி நீட்ட வைக்கிற பிசியோதெரபிஸ்ட். அவன் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, திருகாணி வச்சா உறுதியா, பட்டன் வச்சா உறுதியா?"

அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாகப் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து, மடித்துக் கயிறுபோலாக்கி, முட்டிக்கு மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டு மாட்டுகிறார்கள். அந்த நாண் எலும்போடு ஒட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை இழுவையைத் தாங்குவது ஸ்க்ரூவோ பட்டனோதான்.

மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு அடிப்போமே, ஸ்க்ரூ செய்வது அதே வேலை. துளைக்குள் நாணுக்குப் பக்கத்தில் இறங்கி, அதைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும். பிடி மூட்டுக்குக் கிட்டத்திலேயே இருப்பதால் கயிறு அதிகம் ஆடாது. ஆனால் மரை நாணைக் கீறிவிடலாம். கோணலாக இறங்கினால் பிடி குறையும். தொடை எலும்புத் துளையின் பின்சுவர் மெலிசு, அது உடைந்துவிட்டால் ஆப்பு நிற்க இடமே இல்லை.

பட்டன் வேறு ரகம். ஓட்டை வழியாகக் கயிற்றோடு ஒரு குச்சியை நீளவாக்கில் விட்டு, அந்தப் பக்கம் போனதும் குறுக்கே திருப்பினால் திரும்ப வராதல்லவா? அதேதான். ஒரு வகைப் பட்டன் 12 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம். தொடை எலும்பின் வெளிப்பக்கத்துக் கெட்டியான ஓட்டில் படுத்துக்கொள்ளும். நாணைச் சுற்றி ஸ்க்ரூ இல்லாததால் எல்லாப் பக்கமும் எலும்பு ஒட்டலாம். குறை என்னவென்றால், பிடி மூட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நாண் ரப்பர் மாதிரி மேலும் கீழும், கார் வைப்பர் மாதிரி பக்கவாட்டிலும் கொஞ்சம் அசையும், துளை அகலமாகலாம். துளை அகன்றாலே முட்டி தளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது பட்டன் சரியாகத் திரும்பியதா என்பதை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எலும்பின் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரியும். கோட்டுக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தசை மாட்டியிருக்கலாம். பின்னால் அது நசுங்கினால் நாண் தளரும்.

சரி, இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் மேல் எலும்பு. தகராறு பிடித்தது கீழ் எலும்புதான், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அங்கே எலும்பு மேலதைவிட மெத்தென்று இருக்கும். போதாததற்கு, நாண் துளையின் போக்கிலேயே நேராக இழுபடுகிறது. ஆரம்ப வாரங்களில் பிடி நழுவுவதென்றால் பெரும்பாலும் இங்கேதான். அதனால் மேலே பட்டன் போடுகிறவர்களிலும் நிறையப் பேர் கீழே ஸ்க்ரூதான் போடுகிறார்கள். எலும்பு சொதசொதவென்று இருந்தால் கூடுதலாக ஒரு ஸ்டேப்பிளும் அடிப்பார்கள். ஆக, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில்: தொடைத் தசைநாண் என்றால் மேலே பட்டன், கீழே ஸ்க்ரூ. முட்டிச் சிப்பிக்குக் கீழுள்ள நாணை இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்தால், இரு பக்கமும் ஸ்க்ரூ. எலும்போடு எலும்பு சுமார் 6 வாரத்தில் ஒட்டிவிடும். ஆனால் முட்டி போட்டால் முன்பக்கம் வலிக்கலாம். தரையில் முட்டி போட்டு வேலை செய்கிறவர்கள் அதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

"கரையிற ஸ்க்ரூ விலை கூடுதலாம், அதான் நல்லதா தம்பி?" என்றார் அடுத்து. கரையும், ஆனால் வருஷக்கணக்காகலாம். திருகும்போதே உடைவதுண்டு; சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டி வரும். டைட்டானியம் அவ்வளவு எளிதில் உடையாது, எம்ஆர்ஐ எடுக்கவும் தடையில்லை. படத்தில் அந்த இடம் மட்டும் கலங்கித் தெரியும். பீக் என்ற பிளாஸ்டிக் வகை கரையாது, படத்தையும் கெடுக்காது. 'கரையும்' என்ற ஒரு வார்த்தைக்காக நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான், "பட்டன் போட்டா பொங்கலுக்கு ஆடலாமாண்ணே?" என்றான். எதைப் போட்டாலும் ஒன்பது மாசத்துக்கு முன்னால் களத்தில் இறங்கக் கூடாதென்றேன். நாண் எலும்பில் ஒட்டிய பிறகும் உள்ளுக்குள் ஜவ்வாக மாற மாதக்கணக்காகும், இரண்டு மூன்று மாதத்தில் வலி குறைந்து ஓடலாம்போல் தோன்றும், அப்போதுதான் அது பலவீனமாக இருக்கும் என்றெல்லாம் சொன்னேன். அவன் விரல் விட்டு மாசத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.