‘மாநகராட்சி டாக்சி உரிமம்’ என்று வேலூரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: எங்களுடைய 48,500 ரூபாய் போன விதம்

செயலி வழியாக டாக்சி ஓட்டுபவர்களுக்கு வேலூர் மாநகராட்சி எந்த உரிமமும் வழங்குவதில்லை. அப்படி ஓர் உரிமமே கிடையாது. இல்லாத அந்த உரிமத்தைக் காட்டித்தான் எங்கள் குடும்பத்திடமிருந்து 48,500 ரூபாயைப் பறித்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் பல ஆண்டுகள் பிறருடைய வண்டியை ஓட்டிய பிறகு, இந்த ஆண்டுதான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினோம். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி மருத்துவமனைக்கும் காந்தி ரோடு விடுதிகளுக்கும் போகிற வெளிமாநில நோயாளிகள், பல்கலைக்கழக மாணவர்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்கள் என்று இங்கே சவாரிக்குப் பஞ்சமில்லை. வெள்ளை போர்டை மஞ்சள் போர்டாக மாற்றிச் செயலியில் சேர்த்துவிட்டால் தவணைக் கவலை இருக்காது என்பதால், ஆர்.டி.ஓ. வேலைகளை முடித்துத் தருவதாகப் பலகை வைத்திருக்கும் ஒரு முகவர் அலுவலகத்துக்குப் போனோம். புகார் கொடுத்திருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

அங்கே இருந்தவர் எங்களை உட்கார வைத்து, டீ வரவழைத்து, ஒரு கோப்பைப் பிரித்துக் காட்டினார். தமிழக அரசின் கோபுர முத்திரை அச்சிட்ட விண்ணப்பங்கள், ஏற்கெனவே ‘உரிமம்’ வாங்கியவர்களின் புகைப்பட அட்டைகள் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. “அக்கா, லண்டன்லயும் நியூயார்க்லயும் டாக்சிக்கு லைசென்ஸ் கொடுக்கிறது அந்த ஊரு நிர்வாகம்தான். நம்ம ஊரு ஸ்மார்ட் சிட்டி ஆயிடுச்சில்ல, இங்கயும் அந்த ரூல் வந்துடுச்சு” என்று சொல்லி, லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கத்தைத் தன் கைப்பேசியிலேயே திறந்து காட்டினார். அங்கே ஓட்டுநர், வண்டி, நிறுவனம் மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும் என்று இருந்தது. அது உண்மையான பக்கம்தான், அதில் இருந்ததும் உண்மைதான் என்பதே இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது. எங்கோ இருக்கிற ஊரின் சட்டத்தைக் காட்டி எங்கள் ஊரில் கொள்ளையடித்திருக்கிறார். அதன்பின் ஒருவரை ‘சார்’ என்று கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, “இந்த வாரத்துல போட்டுடலாம்” என்று எங்கள் காதுபடச் சொல்ல வைத்தார். மாநகராட்சி உரிமத்துக்கு 30,000, பேட்ஜுக்கு (வாடகை வண்டி ஓட்டுவதற்கென்று ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வாங்கும் தனி அனுமதி) 6,500, செயலியில் இணைப்பதற்கு 12,000 என ஆக மொத்தம் 48,500 ரூபாயை அங்கேயே யுபிஐ-யில் அனுப்பினோம்.

சில நாள்களில் லேமினேஷன் செய்த ஓர் அட்டை வந்தது. ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, அதன் குறுக்கே ஒரு கையெழுத்து, மூலையில் க்யூஆர் குறியீடு. மஞ்சள் போர்டு வரும்வரை இந்த அட்டையை வைத்துக்கொண்டே சவாரி எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அதை நம்பி ஓட்டிய என் கணவரை வாகனத் தணிக்கையில் நிறுத்திய மோட்டார் வாகன ஆய்வாளர், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்தார். யாரோ ஒருவருடைய இணையச் சேமிப்பில் இருந்த அதே அட்டையின் புகைப்படம்தான் திறந்தது. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்காக 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. சொந்த உபயோகக் காப்பீட்டில் இருக்கும் வண்டியில் பயணியை ஏற்றிப் போய் விபத்து நடந்திருந்தால், நஷ்ட ஈட்டுக்கு எங்கள் வீட்டையே விற்க வேண்டி வந்திருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு என் கணவர் இரவில் சரியாகத் தூங்குவதில்லை.

மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டபோது, கடைக்கும் தொழிற்கூடத்துக்கும்தான் தொழில் உரிமம் தருகிறோம், வண்டி சம்பந்தப்பட்ட எதுவும் எங்களிடம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். வாடகை வண்டிக்குத் தேவையான பெர்மிட், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி போக்குவரத்துத் துறையிடம் பெற வேண்டியது. செயலி நடத்தும் நிறுவனத்துக்கான உரிமம் 93ஆம் பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை வழங்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளில் அதற்குச் சொல்லப்பட்டிருக்கும் 5 லட்ச ரூபாய் கட்டணமும் நிறுவனம் கட்ட வேண்டியதே தவிர, ஓட்டுநர் தலையில் விழுவதில்லை. பேட்ஜ் விஷயமும் அப்படித்தான். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த உரிமம் என் கணவரிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது.

அந்த முகவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது, முதலில் சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அடுத்து, கோப்பு சென்னைக்குப் போயிருக்கிறது என்றார். பிறகு அவர் இருக்கையிலேயே இல்லை. அங்கிருந்த பெண் ஒவ்வொரு முறையும் தலை நிமிராமல் “சார் வெளிய போயிருக்காரு” என்று மட்டும் சொன்னார். ஒருநாள் வாசலிலேயே காத்திருந்து பிடித்தபோது, “அக்கா, உங்க பணம் கவர்மென்ட்ல கட்டியாச்சு, கட்டுன பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க” என்றார். எந்தக் கணக்கில் கட்டினீர்கள், சலான் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புறேன், கடைல சத்தம் போடாதீங்க” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று இரவே எங்கள் இருவருடைய எண்களையும் பிளாக் செய்துவிட்டார். 48,500 ரூபாயை வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்தவருக்கு, திருப்பிக் கேட்கும்போது நாங்கள் சத்தம் போடுகிறவர்களாகிவிட்டோம்.

இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கட்டணத்தைப் பரிவாகன் என்ற அரசின் வாகன இணையதளத்தில் நீங்களே கட்டி, ரசீதை உங்கள் கைப்பேசியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள். மஞ்சள் போர்டும் வாடகைக் காப்பீடும் கைக்கு வரும்வரை ஒரு சவாரி கூட எடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அந்தக் கோப்பில் நாங்கள் பார்த்த அட்டைகள் நிஜமானவர்களுடையவை என்றால், எங்களைப் போல் ஏமாந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் பலர் இருக்க வேண்டும். ஊதா முத்திரை போட்ட அதே அட்டை உங்களிடமும் இருந்தால், அதையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு வரும் திங்கள்கிழமை காலை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளுக்கு வாருங்கள். நானும் என் கணவரும் மனுவோடு அங்கே இருப்போம்.